நெத்திக்காசுவின் மூன்று கேமராக்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து எலவனாசூர்கோட்டை வரைக்கும் செத்துப்போனவர்கள் அத்தனை பேரும் கடைசியாகப் பார்த்த முகம் நெத்திக்காசுவின் முகம்தான். கண்ணை மூடிக் கிடந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் எழவு வீட்டுப் போட்டோகிராபர். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுகிறவன். சிரிக்காதீர்கள், அது பெரிய வேலை. ஆயுசில் ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளாத மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டால், பிணமாக எடுத்த படத்தை வைத்தே கண்ணைத் திறந்து, சட்டை மாட்டி, பின்னால் நீல வானம் போட்டு பிரேம் செய்து கொடுப்போம். திறக்கிற கண்ணுக்கு எங்கே போவது? என் கண்ணைத்தான் படமெடுத்து வைத்திருந்தேன். ஆக, அந்த வட்டாரத்தில் சுவரில் தொங்குகிற முக்கால்வாசிப் பேர் என் கண்ணால்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால் சுவரிலிருந்து என்னை நானே முறைப்பேன்.

சரி, நெத்திக்காசுவுக்கு வருகிறேன். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் மொபைலையும் பெரிய கேமராவையும் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், இவர் ரேஞ்ச்பைண்டர் என்கிற வகை டிஜிட்டல் கேமராவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பது கிடையாது. ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல். நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் போகஸ் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"செத்தவங்க மூஞ்சியில கோடே இருக்காதுய்யா. கண்ணும் மூடிக்கிச்சின்னா எதப் புடிச்சி ஒன்னாக்கறது? நெத்தியில வச்ச காசுதான். வட்டமா, ஓரம் கூரா, அப்பிடியே வந்து ஒக்காரும்" என்பார். அப்படி வந்த பெயர்.

வடக்கனந்தலில் அப்பா விட்டுப்போன நிலத்தைத் துண்டு துண்டாக விற்று மூன்று செகண்டு ஹேண்டு கேமரா வாங்கினார். முதல் கேமரா வந்த அன்றே அவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார். மூன்றாவது வந்தபோது மனசு கேட்காமல் திரும்பி வந்தார், அதைப் பார்த்தார், மறுபடி பஸ் ஏறினார்.

மூன்றில் எது உசத்தி என்பதுதான் அவருக்கு எந்நேரமும் பேச்சு. டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு உங்கள் கையில் ஒன்றைத் திணித்துவிடுவார். பிணம் எடுத்துப் போகிற ஊர்வலத்திலேயே பேசியவர், டீக்கடையை விடுவாரா?

முதலாவது ஜப்பான்காரி, கைக்கு அடக்கம். டிஜிட்டல்தான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பழைய பிலிம் கேமரா போல லிவரை இழுக்க வேண்டும். அவளுடைய ஜன்னலில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அதே அளவில் தெரியும். "ரெண்டு கண்ணையும் தொறந்துக்கினு எடுக்கலாம்யா. அது எவ்ளோ பெரிய விசயம் தெரியுமா?" எனக்குத் தெரியும். வேறொரு கேமராவோடு போனபோது ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேரெதிரே இருந்தவர் தாலியறுத்த அம்மாள். "எங்கக்காவப் பாத்து கண்ணடிக்கிறியாடா?" என்று தம்பிக்காரன் பாடையிலிருந்து மூங்கிலையே உருவிவிட்டான்.

அந்த வேறொன்றுதான் ஊதா. ஜெர்மன்காரன், பழையவன். பிடி உறுதி, வளையம் வெண்ணெய், ஆனால் சில கறுப்புத் துணியை ஊதாவாகக் காட்டிவிடும். அது தெரிந்தும் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் சாவுக்கு அதைத்தான் எடுத்துப்போனார். நெற்றியில் காசு வைக்க விடாத வீடு. இவர் தடுமாறிப்போய்ச் சட்டைப் பொத்தானை வைத்து போகஸ் பிடித்தார். மறுநாள் தோழர்கள் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்கள்.

"அம்பது வருசமா கறுப்புச் சட்ட போட்ட மனுசன கத்திரிக்கா கலர்ல அனுப்பி வச்சிருக்கியே, இன்னா தைரியம்யா ஒனக்கு?"

"பொத்தான் எவ்ளோ ஷார்ப்பா வந்திருக்கு பாருங்க" என்றார் நெத்திக்காசு. எனக்கும் சேர்த்து விழுந்தது.

மூன்றாவது மொட்டை. அதுவும் ஜெர்மனிதான். முதுகில் திரையே கிடையாது, வெறும் மொட்டை முதுகு. எடுத்த படத்தை வீட்டுக்கு வந்துதான் பார்க்க முடியும். கல் மாதிரி கனம். அழுத்தினால் சத்தம் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. "அழுதுக்கினு இருக்கற வூட்ல சடக்கு சடக்குன்னா அடிக்கறது? மரியாத வேணாம்? தெர இருந்தா ஆளாளுக்கு காட்டு காட்டும்பாங்க, நானும் மொகத்தப் பாக்காம தெரயப் பாப்பேன். மொட்டதான்யா ராசா. லாரி ஏறினாலும் ஒன்னும் ஆவாது."

உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் கிடைக்காமல் முதலாளி இவரை அனுப்பியதையும் சொல்லிவிடுகிறேன். மணப்பெண்ணை மூன்று தடவை பார்த்தார், நான்கு தடவை வளையத்தைத் திருப்பினார், பிறகு மிகப் பணிவாகச் சொன்னார்: "நெத்தியில ஒரு காசு ஒட்டிக்கிறியாம்மா? ஷார்ப்பா வரும்." உதடு கிழிந்து திரும்பி வந்தார். "கேமராவுக்கு ஒன்னும் ஆவல" என்பதுதான் முதல் வார்த்தை.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லலாம். தேவி விஷயத்தைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

வெள்ளிமலை தாண்டி ஒரு மலைக் கிராமத்திலிருந்து போன் வந்தது. வெள்ளையன் என்பவரின் மகள், பெயர் தேவி, நாலு வயசு, காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்குகிற வழியிலேயே போய்விட்டாள். வீட்டில் இருந்தது பட்டன் போன். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு படம் கிடையாது. அம்மா மாரியம்மா, ஒரு படம் எடுக்காமல் குழிக்குத் தர மாட்டேன் என்று பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள்.

மலை ரோடு ஆட்டம் ஜாஸ்தி, ஜப்பான்காரி தாங்க மாட்டாள் என்று நெத்திக்காசு மொட்டையை எடுத்துக்கொண்டார். நான் வண்டி ஓட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது நல்ல மழை. ஒரு வளைவில் வண்டி சறுக்கி, கேமரா பை பாறையில் போய் மோதியது. எங்களுக்கு முட்டி மட்டும் போனது.

இப்படி அடிபட்டால் ஜன்னலில் ஒன்றாகத் தெரிவது படத்தில் போகஸ் ஆகாமல் போகலாம். அதைச் சோதிக்க, வளையத்தைக் கடைசி வரை திருப்பி, ரொம்பத் தூரத்தில் இருக்கிற எதையாவது பார்க்க வேண்டும்; ஒன்றாகத் தெரிந்தால் பழுதில்லை. அவரும் ஜன்னலில் கண்ணை வைத்து நாலாபக்கமும் திரும்பினார். எங்கும் மூடுபனி.

"தூரத்துல இன்னாவனா தெரிஞ்சாதான பாக்கறதுக்கு? இங்க ஒன் மூஞ்சே தெரியல. வுடு, மொட்டைக்கி ஒன்னும் ஆவாது."

கூரை வீடு. உள்ளே இருட்டு. மாரியம்மா பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்ன நெற்றிக்கு அஞ்சு ரூபாய்க் காசு ரொம்பப் பெரிதாக இருந்தது. நெத்திக்காசு மண்டி போட்டு, காசோடு காசைச் சேர்த்து, சத்தமே இல்லாமல் நாலு படம் எடுத்தார். அதன்பிறகுதான் மாரியம்மா கையை விட்டாள். கொஞ்ச நேரத்தில் மண் மூடிவிட்டது.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டேன். நாலு படத்திலும் பின்னால் இருந்த மாரியம்மாவின் முகம் கண்ணீர்த் துளி உட்பட அவ்வளவு துல்லியம். பிள்ளையின் முகம் தண்ணீரில் கரைந்த மாதிரி கிடந்தது.

நெத்திக்காசு மொட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பின்னாலேயே போனேன். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டேங்க் தெரிதுய்யா" என்றார்.

கீழே வந்து சொன்னதும் முதலாளி அலட்சியமாகக் கையசைத்தார். "வேற கொழந்த மூஞ்சி எதனா வச்சி கூர் பண்ணிக் குடு. மலக்காரங்களுக்கு இன்னா தெரியப்போவுது?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் செய்தேன். கன்னம் வரைந்தேன், இமை முடி வரைந்தேன், என் கண்ணையே சின்னதாக்கி ஒட்டினேன். பளிச்சென்று வந்தது. நெத்திக்காசு அதையும் எடுத்துக்கொண்டார், கலங்கலானதையும் ஒரு பிரிண்டு போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் மறுபடி மலையேறினோம். மாரியம்மா முன்னால் போய்க் கைகட்டி நின்றார் அவர்.

"எம்மேலதாம்மா தப்பு. கேமரா அடிபட்டுச்சி, சரியா பாக்காம எடுத்துட்டேன். மொகம் கலஞ்சி போச்சி. இது கம்ப்யூட்டர்ல செஞ்சது. நான் பொய் சொல்லமாட்டேன்."

பளிச்சென்ற படத்தை அவள் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் புள்ளண்ணா இது?"

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. நெத்திக்காசு மற்றதை நீட்டினார். அவள் வாங்கினாள், அப்படியே நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"எந்தாயி! இவதான், இவதான். ஒரு எடத்துல நிப்பாளா இவ? ஒரு வா சோறு ஊட்டறதுக்குள்ள நாலு தபா ஓடுவா. பாருங்க, இப்பவும் ஓடிக்கினு கீறா பாருங்க!"

வெள்ளையன் வந்து பார்த்தார். அழுதுகொண்டே தலையை ஆட்டினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி. "கண்ணு மட்டும் தொறந்து தரட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"வேணாண்ணா. அவ கண்ணு ஒங்ககிட்ட ஏது?" என்றாள்.

இறங்கும்போது, நாங்கள் விழுந்த அதே வளைவில் நெத்திக்காசு வண்டியை நிறுத்தச் சொன்னார். மொட்டையை என் கையில் கொடுத்தார். அதைச் சரி பண்ணவே இல்லை.

"என்ன ஒன்னு எடுய்யா. நாளைக்கி நான் செத்தா ஒங் கண்ண எடுத்து எம் மூஞ்சியில ஒட்டிடுவ. எனக்கு அது வேணாம். தொறந்து கீறப்பவே எடுத்துடு."

"யோவ், இது ஒழுங்கா சேராதே. கலங்கலாத்தான் வருவ."

"வரட்டும். அமுத்து."

போன தையில், யாரோ ஒருவரின் எழவுக்குப் போய்விட்டு வந்து படுத்த நெத்திக்காசு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. பிறந்த வீட்டிலிருந்து வந்த அவர் மனைவி பிரேம் போட ஒரு படம் கேட்டார். மலை வளைவில் நான் எடுத்ததைக் கொடுத்தேன். கூராக்கித் தரச் சொன்ன முதலாளியோடு சண்டை போட்டு, கை வைக்காமல் அப்படியே கொடுத்தேன். இன்னொரு பிரதி என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் படம் கலங்கியிருக்கிறதே என்கிறார்கள். கலங்கலாகவே இருக்கட்டும். நான் பிரேம் போட்ட செத்தவர்களில் அவர் ஒருவர்தான் தன் சொந்தக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.