ஷௌகத் அலி துரத்திய பார்சல்

"இனி இந்த ஊட்டுல இருந்து கோயமுத்தூருக்கு ஒரு கடுகுகூடப் போகக் கூடாது!"

ஷௌகத் அலி இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால், ஏதோ நாட்டின் எல்லையை மூடுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூடியது குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டின் எல்லை. அதன் பிரஜை ஒரே ஒருத்தி, மனைவி சுரையா. அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரிங்க."

"சரின்னா?"

"சரின்னா சரிதானுங்க. கடுகு அனுப்பலை."

சுரையா இத்தனை சீக்கிரம் சரி என்றால் பயப்பட வேண்டும். கல்யாணமான முதல் வருடமே இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய மனிதர், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கைகழுவப் போனார்.

கோயம்புத்தூர் கரும்புக்கடையில்தான் அவர்களுடைய ஒரே மகள் அல்ஃபியா வாழ்க்கைப்பட்டிருந்தாள். மருமகன் சலாஹுதீன் பம்ப் கம்பெனியில் எஞ்சினியர். தங்கமான பையன். அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. நிக்காஹ் முடிந்து முதல் விருந்துக்கு வந்தபோது, ஷௌகத் அலி தன் கையால் போட்டு ஆற்றி நீட்டிய டீயைப் பார்த்து, "காப்பி இருக்குங்களா மாமா?" என்று கேட்டுவிட்டான். ஷௌகத் அலியின் குடும்பமே டீத்தூள் வியாபாரக் குடும்பம். மார்க்கெட்டில் ஒரு கூரியர் கம்பெனியின் கிளையை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகும், அங்கே பாதி மேஜையில் இன்றும் டீத்தூள்தான் இருக்கிறது. "என் டீயைத் தொடாதவன் வாசலை நான் மிதிக்கமாட்டேன்" என்று விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். வீம்பில் வந்த வார்த்தை, மறுநாளே கரைந்திருக்கும். ஆனால் ஊரே கேட்ட வார்த்தையை எப்படி விழுங்குவது?

இப்போது அல்ஃபியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பெண்ணின் அத்தா நேரில் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதில் தப்பில்லை, முறை அதுதான். சுரையா கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், குழம்பில் உப்பைக் குறைத்தும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. கடைசியில் அவர் பங்குக்கு இந்தக் கடுகுத் தடையைப் போட்டார்.

உண்மையைச் சொன்னால், மகளைப் பார்க்காமல் அவருக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது. அதை யாரிடமும் சொல்ல வழியில்லாததால்தான் கோபம் இவ்வளவு பெரிதாக வெளியே தெரிந்தது.

அந்த மாதம்தான் கூரியர் கம்பெனியிலிருந்து ரேடியோ டேக்குகள் வந்து இறங்கின. பார்க்க வெறும் ஸ்டிக்கர். உள்ளே மெல்லிய கம்பிக் கோலம், நடுவில் எள்ளளவு சில்லு. ஒவ்வொரு கிளையின் வாசல் நிலையிலும் டேக்கை உணரும் ஒரு சட்டம் மாட்டினார்கள். டேக் வைத்த பார்சல் அந்த வாசலைத் தாண்டினால் போதும். யாரும் தொட வேண்டாம், எழுத வேண்டாம். வந்தது, புறப்பட்டது என்று போனில் கீச்சென்று செய்தி வரும். இதற்கு முன் வாடிக்கையாளர்கள் போன் செய்தால் இரண்டே புகார்தான்: ஒன்று, வரவில்லை. இல்லையென்றால், நசுங்கி வந்திருக்கிறது. முதல் புகாருக்கு முற்றுப்புள்ளி வைத்தாயிற்று என்று ஷௌகத் அலிக்கு, டேக்கைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை. சோற்றில் கையை வைத்துக்கொண்டே மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"மனுசன் பொய் சொல்லுவான் சுரையா. இது சொல்லாது. மூட்டைக்கு அடியில கெடந்தாலும் சரி, துணிக்குள்ள வெச்சுத் தெச்சாலும் சரி, வாசலத் தாண்டுனா காட்டிக் குடுத்துரும்."

"துணிக்குள்ள வெச்சுத் தெச்சாலுமுங்களா?"

"தெச்சாலும்!"

"அடேங்கப்பா!" என்று சுரையா ரசம் ஊற்றினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. டெலிவரி ஆகாமத் திரும்பி வர்ற பார்சல் கடையிலதான் கெடக்கோணும். ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது. போன தடவ நீ பாவம்னு கொண்டாந்து வெச்ச கருவாட்டுப் பொட்டலம் இன்னும் என் மப்ளர்ல மணக்குது."

"இனி ஏறாதுங்க."

கடுகுத் தடை வந்த அதே வாரம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் அவர் கண்ணில் பட்டது. பிரித்துப் பார்த்தார். வர்க்கி பிஸ்கட், தைலப் பாட்டில், மடித்து வைத்த குட்டிக் கம்பளிக் குல்லா. குல்லா அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதை இரண்டு விரலில் மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கடமை ஞாபகம் வந்தது. பையிலிருந்து ஒரு டேக்கை எடுத்து, தன் போனில் பதிந்து, குல்லாவின் மடிப்புக்குள் செருகி, பழையபடியே முடிச்சுப் போட்டு வைத்தார். சுரையாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது திட்டம். அது மலை இறங்கியது என்று போன் சொன்னால், மகள் கைக்குப் போகிறது என்று ஒரு நிம்மதியும் வரும். இந்த இரண்டாவது காரணத்தை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பொட்டலத்தைக் காணவில்லை. சுரையா அவருடைய கோட்டை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ற கோட்டு எதுக்கு உனக்கு?"

"அடித்தையல் பிரிஞ்சு தொங்குதுங்க. இப்பிடியே போட்டுட்டுப் போனா ஊரு என்னையத்தான பேசும்."

பொறுப்பான மனைவி. கோட்டை மாட்டி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளைக்கு இறங்கினார். வாசலைத் தாண்டியதும் போன் கீச்சிட்டது. 'குன்னூர் கிளை: வந்தது.'

ஷௌகத் அலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன துணிச்சல்! என் கிளை வழியாகவே அனுப்புகிறாள்! இருந்த மூட்டையை எல்லாம் கொட்டித் தேடினார். குல்லாவும் இல்லை, வர்க்கியும் இல்லை. மனம் வெறுத்து எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். கீச். 'புறப்பட்டது.' டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார். கீச். 'வந்தது.' கிளைக்குள் ஈ காக்கை இல்லை.

அடுத்த நாள் ஒட்டும் டேப் வாங்க ஊட்டிக் கிளைக்குப் போனார். உள்ளே கால் வைத்ததும், 'ஊட்டி கிளை: வந்தது.' கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய பார்சலுக்கு ஊட்டியில் என்ன வேலை? அங்கே இருந்தவர்களையும் அதட்டி, பொதிகளைப் பிரிக்க வைத்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சுரையா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்னாச்சு?"

"ஒரு கஸ்டமரு பார்சல். போக்குக் காட்டுது. குன்னூருங்குது, ஊட்டிங்குது, தேடுனா ஆளக் காணோம்."

"ஐயோ, பாவமே! அவசரப் பார்சலுங்களா?"

"உள்ள கொழந்தைக் குல்லா இருக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "அப்பிடின்னு கஸ்டமரு சொன்னாரு" என்று சமாளித்தார்.

"கொழந்தைக் குல்லாவா! அப்பக் கட்டாயம் கண்டுபிடிக்கோணுமுங்க. கோயமுத்தூரு பெரிய கோடவுன்ல போயிக் கேட்டீங்கன்னா?"

"கோயமுத்தூருக்கா? நானா?"

"கோடவுனுக்குத்தானுங்க போறீங்க. அவ ஊட்டுக்கா போறீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. கோடவுன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லையே. காலையில் சுரையாவே கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள். கீழே வெயில் காயுமே என்றதற்கு, "கோட்டில்லாமப் போனா கிளை ஏஜெண்டுன்னு எவன் மதிப்பான்?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கம்பெனியின் கிளைக்குள் நுழைந்தார். கீச். 'மேட்டுப்பாளையம்: வந்தது.' இவர் வந்த வேகத்துக்கே பார்சலும் வந்திருக்கிறது! அடுத்த பஸ் ஏறும்போது கீழ்நாட்டு வெக்கை முகத்தில் அறைந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் குல்லாவின் நினைவு வந்தது. அது தொலைந்துபோனால் அந்தப் பிள்ளைக்குத் தாத்தா ஊரிலிருந்து வந்தது என்று ஒரு பொருளும் இருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்கம் சொன்னார். அவர் கேட்கவே இல்லை.

கோயம்புத்தூர் கோடவுன் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி பொறுமைசாலி. போனை வாங்கிப் பார்த்தார். 'கோயம்புத்தூர்: வந்தது' என்று இப்போதுதான் விழுந்திருந்தது.

"இங்கதானுங்க இருக்கோணும். கைமெஷின்ல தேடிப் பாத்துரலாமுங்க."

கைமெஷினை நீட்டியபடி வெள்ளியங்கிரி வடக்கு மூலைக்குப் போனார். சத்தமில்லை. தெற்கு மூலை, சத்தமில்லை. ஷௌகத் அலி பக்கம் திரும்பியதும் மெஷின் கத்தியது.

"நகருங்க, உங்களுக்குப் பின்னால இருக்குது."

நகர்ந்தார். மெஷினும் அவரோடு சேர்ந்து கத்திக்கொண்டே நகர்ந்தது. வெள்ளியங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோட்டக் கழட்டி அந்த மேசை மேல வெய்யுங்க."

வைத்தார். மெஷின் ஷௌகத் அலியிடம் மௌனம் சாதித்தது. கோட்டிடம் போனதும் அலறியது. வெள்ளியங்கிரி அடித்தையலைப் பிரித்து, டேக்கை எடுத்து, மரியாதையாக அவர் கையில் கொடுத்தார். சிரிக்கவில்லை. சுற்றியிருந்தவர்களும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"பார்சல் கெடைச்சுதுங்களா?" என்றாள் சுரையா.

"கெடைச்சுது" என்றார் ஷௌகத் அலி. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "எப்பக் கண்டுபிடிச்ச?"

"வெச்ச அன்னிக்கேங்க. குல்லாவ நான் மடிக்கற மடிப்பே வேற."

"அப்ப அந்தப் பொட்டலம்?"

"அது அன்னிக்கே காய்கறி வண்டில போயிச் சேந்துருச்சு. நீங்கதான் இன்னும் போயிச் சேரலை. அங்கிருந்து கரும்புக்கடை பக்கந்தானுங்க. புள்ள வாசலப் பாத்துட்டு நிக்குறா."

"நான் போகமாட்டேன். அடுத்த பஸ்ஸுல ஊட்டுக்கு வரேன்."

"வாங்க. கடைச் சாவி உங்ககிட்டத்தான இருக்கு?"

"கடைச் சாவி எதுக்கு?"

"டெலிவரி ஆகாமத் திரும்பி வர்றது ஊட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க."

ஷௌகத் அலி போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

கதவைத் திறந்தது அல்ஃபியாதான். வயிறு நிறைந்து, முகம் பூரித்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த "ஆஃபீஸ் வேலையா வந்தேன்" வாய்க்கு வரவில்லை.

"அத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். இத்தனை நாள் எதற்காக வராமல் இருந்தோம் என்று அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

ஞாபகப்படுத்த மருமகன் வந்தான், தட்டில் இரண்டு டம்ளரோடு. இரண்டிலும் டீ.

"நானே போட்டேனுங்க மாமா. அத்தை அனுப்பிச்ச உங்க கடைத் தூளு."

ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அவனே எடுத்து, மருந்து குடிப்பவனைப் போல ஒரே மூச்சில் குடித்தான். ஷௌகத் அலியும் குடித்தார். தூளைக் கொதிக்க விட்டுக் கொன்றிருந்தான். கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, உள்ளே இருந்து வந்த சம்பந்தியைப் பார்த்து எழுந்து நின்றார்.

"என்ற புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேனுங்க" என்றார்.

"அதுக்கென்னங்க, தாராளமா" என்றார் சம்பந்தி.

மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டான். சட்டை தொப்பலாக நனைந்து, தலை கலைந்து, தையல் பிரிந்த கோட்டைக் கட்டிப் பிடித்தபடி ஷௌகத் அலி அதில் சாய்ந்தார். ஏதோ ஒருவிதத்தில் தாமே ஜெயித்துவிட்டதாக ஒரு நினைப்பு அப்போது அவருக்கு வரத்தான் செய்தது. அந்த நேரம் சமையற்கட்டுக்குள்ளிருந்து அல்ஃபியா தணிந்த குரலில் போனில் பேசுவது கேட்டது.

"வந்துருச்சும்மா. கொஞ்சம் நசுங்கியிருக்குது, மத்தபடி ஒண்ணும் இல்லை."