பாலிஷ் மிஷின் வாங்கப் போன குண்டான் மூடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான், என் மகன், மருமகள் மூவரும் நலம். நலம் என்ற சொல்லை இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதுகிறேன், போன மாதம் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பதில் எழுது, அதை மட்டும் எழுது. என் கடிதத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை என்று போன தடவை குறை சொன்னாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். புள்ளி எங்கே வைப்பது, கமா எங்கே வைப்பது என்று வாத்தியார் சொல்லித் தருவதற்குள் நீ பிறந்துவிட்டாய், உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆகையால் புள்ளி இல்லாத இடத்தில் நீயே ஒன்று வைத்துப் படித்துக்கொள்.

என் மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவனுக்கு ஒரு கார் பாலிஷ் மிஷின் கொடுத்தாய் அல்லவா, அதன் மேல் அழியாத மையில் உன் பேரைப் போட்டு ‘மாமாவின் அன்பளிப்பு’ என்று எழுதிப் பெட்டியில்லாமல் கையில் தூக்கிக்கொண்டு வந்தாயே, பெட்டி இல்லாதபோதே எனக்குத் தெரியும் அது நீ உபயோகித்துச் சலித்த மிஷின் என்று, சபையில் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது செத்துப்போயிற்று. அதுவும் நம் கார் மேல் செத்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலியோரம் நின்று நம் காரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அந்தப் பெருமூச்சுக்கே இவன் விழுந்துவிட்டான், காசு பணம் ஒன்றும் வேண்டாம், ஆசைக்குச் செய்கிறேன் என்று அவர் காரை நம் வாசலுக்கு வரவழைத்தான். கறுப்புக் கார். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் முகத்துச் சுருக்கம் மாதிரி தெரியும். கழுவி, துடைத்து, பாலிஷ் பசை தடவி, இடது பக்கம் முழுவதும் முடித்து பானெட்டில் பாதி வந்திருப்பான், உன் மிஷின் ஒரு கனைப்புக் கனைத்தது, குபுகுபுவென்று புகை வந்தது. அந்த நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் என் மருமகள் எழுந்து ஓடி வந்தாள். வாசலுக்கா ஓடினாள்? நேரே என் அடுப்புக்கு வந்து அதை அணைத்துவிட்டு, "பால் அடிப்பிடிச்சிருச்சா அத்தை?" என்று கேட்டாள். என் அடுப்பில் பால் அடிப்பிடித்தது என்று இந்தத் தெருவில் யாராவது ஒருவர் சொல்லட்டும். பிறகு அவள் தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள், நானும் அதனால் என்ன என்றேன், ஆனால் மறக்கப்போவதில்லை. அன்றைக்கு அவள் போட்டிருந்தது பச்சையில் பூப்போட்ட நைட்டி.

மோட்டார் கடைக்காரர் உன் மிஷினைப் பிரித்துப் பார்த்தார், இதைச் சரிசெய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று மூடிக் கொடுத்துவிட்டார். பல் டாக்டர் மறுநாள் அதே காரில்தான் வேலைக்குப் போனார், இடது பக்கத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை, வலது பக்கத்திலிருந்து பார்த்தால் மாமனார். நல்ல மனுஷர், அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மாமனார் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார். அது என் மகனை இன்னும் கொன்றது. வாசல் பக்கம் போவதையே விட்டுவிட்டான், பேப்பர் எடுக்கக்கூடப் பின்கதவு வழியாக வீட்டைச் சுற்றிப் போனான்.

வெளியே போகாதவன் எங்கே போவான்? சமையலறைக்கு வந்தான். இவன் பாட்டில் கம்பெனியில் என்ன வேலை பார்த்தான் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழியோ கீறலோ இருந்தால் தூக்கிப் போடுகிற வேலை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண்ணுக்குத் தீனி போட்டது கார்தான். கார் வேலை நின்றதும் அந்தக் கண் என் தம்ளர்கள் மேல் விழுந்தது. ஜன்னலுக்கு நேராக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ‘பாஸ்’ ஒரு பக்கம், ‘ரிஜெக்ட்’ ஒரு பக்கம் என்று மேஜையில் அடுக்கினான். பாஸ் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்தினான், உப்பு குட்டை டப்பாவில் இருந்ததால் என் கைக்கு எட்டாத மூலைக்குப் போய்விட்டது, நாங்கள் உப்பில்லாமல் சாப்பிட்டோம், அதற்கும் என் மறதி என்று பேர். எனக்கா மறதி? கரண்டிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "இத்தன எதுக்கும்மா?" என்று விசாரணை வேறு. மருமகள் நர்ஸ், காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள், தப்பித்தாள். தம்பி, நான் இந்த வீட்டில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவள், டி.வி.யை விட்டுக்கொடுத்தேன், காற்று வருகிற அறையை விட்டுக்கொடுத்தேன், சமையலறை ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதுவும் போய்விடும்போல இருந்தது. இவன் முகத்தில் சிரிப்பும் போய்விட்டது, அது வேறு. புது மிஷின் வந்தாலொழிய இரண்டும் திரும்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். பெண் பார்க்கப் போனபோது ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் சரி என்று சொன்னவன், மிஷினுக்கு வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சாப்பிடும்போதும் அதுதான் ஓடும், கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. உன்னுடையது ரோட்டரி வகை, ஒரே இடத்தில் நின்று சுற்றும், கொஞ்சம் ஏமாந்தால் சூடேறிப் பெயிண்டைத் தின்னும். எங்கள் கார் பானெட்டில் சாஸர் அளவுக்கு வெளுத்துக் கிடக்கிறதே, அது உன் மிஷின் வைத்த சூடு. நீ வந்து பார்த்துவிட்டு வெயில் பட்டது என்றாய், சாஸர் வட்டத்தில் எந்த ஊரில் தம்பி வெயில் அடிக்கிறது? இன்னொரு வகை டூயல் ஆக்‌ஷனாம், சுற்றவும் சுற்றும், பக்கவாட்டில் ஆடவும் ஆடும், சூடு ஒரே இடத்தில் தங்காது, ஆனால் வேலை மெதுவாகத்தான் ஆகும். அதிலும் நிறைய ஆடுவது, கொஞ்சமாக ஆடுவது, ஒயர் வைத்தது, பேட்டரி வைத்தது. காலையில் ஒன்று பிடிக்கும், சாயங்காலம் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பான். கண்ட மிஷினையெல்லாம் ரிஜெக்ட் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனான். பல் டாக்டர் மட்டும் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பல்லு மேல இருக்கிற எனாமலும் காரு மேல இருக்கிற பூச்சும் ஒண்ணுதாம்மா. போனா திரும்ப வளராது. மெதுவா வேலை செய்யற மிஷினா எடுக்கச் சொல்லுங்க." பாவம், அவர் காரின் வலது பக்கம் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நடுவில்தான் நீ போன் செய்தாய். துக்கம் விசாரிக்கிறாய் என்று நினைத்தேன். "அதே மாடல கண்ண மூடிட்டு வாங்கச் சொல்லுக்கா, ரோட்டரிதான் ஆம்பள மிஷின்" என்றாய். உன் ஆம்பளை மிஷின் புகைந்துபோய் ஆணியில் தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது உன் பழக்கம், என் குடையைக்கூட அப்படித்தான் வாங்கிக்கொண்டு போனாய், மழை பெய்த அன்றைக்கு, நீலக் கைப்பிடி, இன்னும் திரும்பி வரவில்லை. அதோடு விட்டாயா? போனை வைக்கிற நேரத்தில், "ஆமாக்கா, அந்தக் குண்டான்..." என்று இழுத்தாய்.

அந்தக் குண்டான் விஷயத்தை இந்தக் கடிதத்தோடு முடித்துவிடுவோம். அம்மாவிடம் ஒரே மாதிரி இரண்டு பித்தளைக் குண்டான்கள் இருந்தன, அடியில் ஆணியால் எனக்கு ஒரு கோடு, உனக்கு இரண்டு கோடு கீறி வைத்தாள். ஒன்று ஓட்டையாகிப் பழைய பாத்திரக்காரனிடம் போயிற்று. போனது உன்னுடையது, என்னிடம் இருப்பது என்னுடையது. மாறிப்போய்விட்டது, அடியைக் கவிழ்த்துக் காட்டு என்று வருகிறபோதெல்லாம் நிற்கிறாய். காட்டமாட்டேன். அடியெல்லாம் கரி பிடித்திருக்கிறது, நீ பார்த்துச் சொன்னால்தான் என் சொல் நிஜமாகுமா? விரலால் தடவினால் எனக்குத் தெரியும், ஒரே கோடு. ஆணியால் அழுத்திக் கீறியது, அதை யாராலும் அழிக்க முடியாது.

உன் போன் வந்த கோபத்தில்தான் நான் கிளம்பினேன். புடவையை மாற்றிக்கொண்டு, அந்தக் குண்டானின் மூடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வாடா கடைக்கு என்றேன். கடையில் ஒரு பழைய கார்க் கதவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதன் மேல் மிஷினை ஓட்டிக் காட்டுவார்களாம். கடைக்காரனின் கதவு எந்த மிஷினுக்கும் பளபளக்கத்தான் செய்யும். நான் பையிலிருந்து மூடியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். என் மகன் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அம்மா, இது காருக்குப் போடற மிஷின்" என்றான் கடைக்காரன்.

"தெரியும்ப்பா. மூடில போடு."

முதலில் உன் ஜாதி மிஷின். தொட்டதுதான் தாமதம், மூடியைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்தது, அது உருண்டு போய் பில் போடுகிற பெண்ணின் காலடியில் சுற்றிச் சுற்றி விழுந்தது. அடுத்தது பேட்டரி மிஷின். எனக்கு ஒரு வழி இருக்கிறது, மிஷின் ஓடும்போது மகனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கை நடுங்கினால் என் வளையல் சொல்லிவிடும். அந்தப் பேட்டரி கனத்துக்கு அவன் மணிக்கட்டு சரிந்தது, என் வளையல்கள் சண்டை போட்டுக்கொண்டன. ஒயர் வைத்த டூயல் ஆக்‌ஷன் ஒன்று, நிறைய ஆடுவது, அதற்கும் வளையல் சத்தம்தான். கடைசியில் கொஞ்சமாக ஆடுகிற ஒன்றை எடுத்தான், கைக்கு அடக்கமாக இருந்தது. மூடியை மேஜையோடு பிடித்துக்கொண்டு பசையை வைத்து அவன் மெதுவாக ஓட்ட ஓட்ட, என் வளையல் மூச்சு விடவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தால் மூடியில் கடைக்காரனுடைய முகம் தெரிகிறது, மீசையில் சாயம் போடாத இடம் உட்படத் தெரிகிறது. என் மகன் மூடியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். இவன் இதற்கும் ஒரு குறை சொன்னால் என் சமையலறை போயிற்று.

"பாஸும்மா" என்றான். சிரித்தான், தம்பி. புகை வந்த அன்றைக்குப் போன சிரிப்பு.

டாக்டர் காரின் வலது பக்கத்தை அவசரப்படாமல் முடித்தான். எங்கே மாமனார் முடிந்து மாப்பிள்ளை ஆரம்பிக்கிறார் என்று தெரியாதபடி பானெட் ஒரே கண்ணாடியாகிவிட்டது. டாக்டர் வந்து நின்றார், குனிந்து தன் பல்லையே அதில் பார்த்துக்கொண்டார், இப்போதெல்லாம் காரைச் சுவரை விட்டுத் தள்ளித்தான் நிறுத்துகிறார். என் மகன் வாசல் வழியாகப் போகிறான், வாசல் வழியாக வருகிறான். உப்பு என் கைக்கு வந்துவிட்டது. தம்ளர்களை யாரும் வெளிச்சத்தில் தூக்குவதில்லை. சமையலறை என்னுடையது. எத்தனை நாள் கழித்து நிம்மதியாக ஒரு கடிதம் எழுதுகிறேன் என்பது உனக்கு எங்கே தெரியப்போகிறது.

உன் முழங்கால் நன்றாக மடங்கி நிமிரவும், உன் வீட்டுக்காரிக்கு உன்னைப் பொறுத்துக்கொள்ளும் பலம் பெருகவும், உன் பேரப்பிள்ளைகள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ளவும் என் ஆசிகள். எல்லோரையும் கேட்டதாகச் சொல், உன் மூத்த மருமகளை மட்டும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கிச் சுமந்ததில் பள்ளிக்கூடம் நின்றுபோன
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சமையலறையில் மிஷின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவன் தரையில் துணியை விரித்து அந்தக் குண்டானைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூடி ஒரு நிறம், குண்டான் ஒரு நிறமாக இருந்ததாம், "டாக்டர் கார் மாதிரியே இருந்துதும்மா, கண்ணு கூசுச்சு" என்கிறான். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம் பாலிஷ் போட்டிருக்கிறான். அடியில் கரி இல்லை. கரியோடு கோடும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், குழந்தை கன்னம் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. மற்ற பாத்திரங்களையும் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறான். ஆகவே சமையலறை என்னுடையது என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு, யாராலும் அழிக்க முடியாது என்று எழுதியதையும் அடித்துவிடு. குண்டானைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷமாகக் கேட்டாயே, இப்போது தாராளமாக வா. கவிழ்த்துப் பார், தடவிப் பார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார், நான் குறுக்கே நிற்கமாட்டேன். இருந்தது ஒரே கோடுதான், நான் சொல்கிறேன், இனி நீ நம்பித்தான் ஆக வேண்டும். எனக்கு என்னவோ நெஞ்சே லேசாகிவிட்டது. வரும்போது ஒரு பை கொண்டு வா, ஆணியில் தொங்குகிற உன் மிஷினை எடுத்துக்கொண்டு போகலாம். அதில் உன் பேர் அழியாமல் அப்படியே இருக்கிறது.