நொண்டி லாரியும் இணைச்சீரும்

என் மாமனார் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன். காரணம் பந்தி. மச்சினன் வெள்ளியங்கிரியின் நிச்சயதார்த்தத்தில், எங்கிருந்தோ வந்த ஆட்டு வியாபாரிக்கு முதல் பந்தி. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிய எனக்கு இரண்டாம் பந்தி. அதிலும் என் இலைக்கு அப்பளம் வரவில்லை.

இப்போது மாமனார் ஊரான ஜேடர்பாளையத்தில் மச்சினனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்காள் இணைச்சீர்ச் சடங்கு செய்தால்தான் தாலியே ஏறும். ஆகவே என் மனைவி சௌந்திரம் போயே தீர வேண்டும். அவளைத் தடுக்க நான் என்ன அரக்கனா? அவள் போகட்டும். நான் போகக் கூடாது. அவ்வளவுதான்.

அதற்காக லாரியைக் கொஞ்சம் நோயாளியாக்கினேன். நாமக்கல் சந்தைக்குக் கடலை மூட்டை ஏற்றும் பழைய சின்ன லாரி அது. எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். விடிந்ததும் கார்புரேட்டர் காற்று இழுக்கும் வாயில் ஒரு கந்தையைத் திணித்தேன். காற்றுக் குறைந்தால் வண்டிக்கு இழுவை போய்விடும். ஹாண்டிலைச் சுற்றினேன். எஞ்சின் குளிர்சுரம் கண்ட மாதிரி குலுங்கிக் கரும்புகை கக்கியது.

"பாத்தியா சௌந்திரம்? இது மேடு ஏறாது. நீ பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி மாட்டு வண்டியில போ. நான் இதைப் பாத்துக்கிட்டு ஊட்டுலயே கெடக்கறேன்."

"ஐயோ பாவமுங்க," என்றாள். "நீங்க போய்க் குளிச்சுப்போட்டு வாங்க. நான் வண்டி கேட்டுப்போட்டு வாரேன்."

குளித்துவிட்டு வந்தேன். வாசலில் யாருமில்லை. கந்தையை உருவி மடியில் சொருகிக்கொண்டு, லாரி நலம்தானா என்று ஹாண்டிலைச் சுற்றிப் பார்த்தேன். எஞ்சின் அதே மாதிரி குலுங்கியது.

நடிக்கச் சொன்னால் நிஜமாகவே படுத்துவிட்டதே. பெட்ரோல் குழாயை ஊதினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். பிளக் எல்லாவற்றையும் கழற்றிக் கரி சுரண்டினேன். ஒயர்கள் மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, முன்பு இருந்தபடியே மாட்டினேன். அந்த விஷயத்தில் நான் படு கெட்டிக்காரன். மறுபடி சுற்றினேன். தக், தக், ...தக்.

வால்வு போயிருந்தால் லாரி பழைய இரும்புக்குத்தான். சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒளிப்பானேன், அழுகையே வந்துவிட்டது.

"அர்த்தநாரீசா, இது ஓடினாப் போதும். நானே ஜேடர்பாளையத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். கடைசிப் பந்தின்னாலும் உக்கார்றேன்."

"நெசமாலுமாங்க?"

பின்னால் சௌந்திரம் நின்றாள். பட்டுச்சேலை, கையில் சீர்க்கூடை.

"நெசமாத்தான்."

"சாமி மேல?"

"சாமி மேல."

கூடையைக் கீழே வைத்தாள். எஞ்சின் மூடியைத் தூக்கினாள். இரண்டு பிளக் ஒயர்களைப் பிடுங்கி, அதை இதிலும் இதை அதிலுமாக மாற்றிச் சொருகினாள்.

"இப்பச் சுத்துங்க."

சுற்றினேன். எஞ்சின் சீராக உறுமியது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கோபப்படக்கூட மறந்து மட்கார்டைக் கட்டிக்கொண்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானுங்க தெனமும் சோத்துல கை வெச்சா லாரிப் பாடம் நடத்தறீங்க. ஒயர் மாறினா வண்டி நொண்டும்னு சொன்னது யாருங்க? அதான், நீங்க குளிக்கறப்ப மாத்தி உட்டேன். காளை வெச்சிருந்தப்ப, எங்கூருக்குப் போறதுன்னா காளைக்கு வவுத்துவலி. இப்ப லாரிக்கு."

"பெரியசாமி வண்டி?"

"அவரு நேத்தே குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போயிட்டாருங்க. மொதப் பந்தியாம்."

ஏறி உட்கார்ந்தேன். வண்டி பிழைத்ததே, அது போதும் என்றிருந்தது. சௌந்திரமும் பக்கத்தில் ஏறினாள். மசி படிந்த கைகளைப் பட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"உங்க மடியில இருக்கிற கந்தையைக் குடுங்க. கையைத் தொடைச்சுக்கறேன்."