டம்ளரில் இருந்த கணவர்

லாண்டரிக்காரர் கொடுத்த மூன்று சட்டைகளும் மூன்று அளவில் இருந்தன.

பல்லழகி அவற்றைக் கட்டிலின்மேல் விரித்துப் போட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். முதல் சட்டைக்குள் இரண்டாவது சட்டைக்காரரின் ஒரு கை நுழைந்தால் அதிகம். மூன்றாவதற்குள் இரண்டு பேரும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"இது மூணும் ஒரே ஆளோட சட்டைன்னு எப்படி அத்தை நம்புவாங்க?"

"நடுவுல இளைச்சான், அப்புறம் பெருத்தான்னு சொல்லிக்கலாம்," என்றாள் மாமியார். "யாரும் திரும்ப வந்து வாங்காத சட்டைம்மா. சும்மா குடுத்தாரு. அளவெடுத்தா குடுப்பாரு?"

"இளைச்சான், பெருத்தான், சரி. கை நீளம் எப்படி அத்தை மாறும்?"

மாமியார் காபி போடப் போனாள்.

எல்லாம் திங்கட்கிழமை வந்த கடிதத்தால் வந்த வினை. குடியேற்ற அலுவலகத்தின் கடிதம். 'தங்களின் தங்கும் அனுமதி தொடர்பாக வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அதிகாரி தங்கள் இல்லத்துக்கு வருவார்.' அதற்கு மேலிருந்த எண்களையும் கீழிருந்த பொடி எழுத்துகளையும் அவள் படிக்கவில்லை. படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இந்த நாட்டுக் குடிமகன் ஒருவரின் மனைவி என்ற அனுமதியில்தான் அவள் இங்கே இருந்தாள். அந்த அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. குடிமகனோ இரண்டு மாதத்துக்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது தெரிந்தால் முப்பது நாளில் அவளும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

கிளம்பிய விதம் இதுதான். கணவருக்கு எந்தச் சண்டையையும் ஒரே வாக்கியத்தில் முடிக்கும் பழக்கம் இருந்தது. "என் பேர்லதான் நீ இந்த நாட்டுல இருக்கே, ஞாபகம் வெச்சுக்கோ." மின்விசிறியை யார் அணைப்பது என்ற சண்டைக்கும் அதுதான் முடிவு. ஆறு வருடம் ஞாபகம் வைத்துக்கொண்ட பல்லழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அப்ப உங்க பேரை எடுத்துக்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டாள். அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போகவில்லை. போகக் கூப்பிட்டார்தான். "கோவிச்சுக்கிட்டது நீ. நான் யாரோட கோவிச்சுக்கிட்டேன்?" என்று கேட்டுவிட்டு, மாமியார் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள்.

"ஒரே ஒரு நாள் வந்து உக்காருடான்னு அவனைக் கூப்பிடட்டுமா?" என்று இப்போது காபியோடு வந்து கேட்டாள்.

"வந்து உக்காந்தா எழுந்துக்க மாட்டாரு அத்தை. 'பாத்தியா, என் பேரு இல்லாம முடிஞ்சுதா'ன்னு ஆயுசுக்கும் கேட்பாரு. சட்டையே போதும். சட்டை பேசாது."

மாமியார் காபியை ஆற்றியபடி யோசித்தாள்.

"சட்டை போதாதும்மா. சட்டையை எவனும் மாட்டிட்டுப் போவான். இது இல்லாம அவன் இந்த வீட்டை விட்டுப் போயிருக்கவே முடியாதுன்னு தோணணும். அப்படி ஒரு பொருள் வேணும்." சட்டென்று நிமிர்ந்தாள். "ஏம்மா, உங்க லேபுல பல்லு செட்டு இருக்கும்ல?"

பல்லழகி பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் லேபில் வேலை செய்தாள். பெயருக்கேற்ற பல் வரிசை அவளுக்குக் கிடையாது. ஆனால் அந்த ஊரில் முந்நூறு பேருக்கு மேல் அவள் செய்த பல்லில் மென்றுகொண்டிருந்தார்கள். பேருந்தில் யாராவது சிரித்தால், கீழ்வரிசை தன்னுடையதா என்று பார்ப்பாள். தன்னுடையது என்றால் அன்றைக்கு முழுக்க நிமிர்ந்து நடப்பாள்.

"அவருக்கு முப்பத்தெட்டு வயசுதான் அத்தை ஆகுது. எல்லாப் பல்லும் இருக்கு."

"வாயைத் திறந்தா பார்க்கப்போறாங்க? ஆளே இல்லையே. கட்டில் பக்கத்துல டம்ளர்ல தண்ணி ஊத்திப் பல்லைப் போட்டு வெச்சா, யாரு வேணா நம்புவாங்க. பல்லைக் கழட்டி வெச்சிட்டு எவன் வீட்டை விட்டுப் போவான்?"

இரண்டு முறை யோசித்தும் அதில் ஓட்டை தெரியவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்கு ஓட்டை தெரியாது.

புதன்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, லேபின் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். மருத்துவர்களுக்குக் காட்டுவதற்காக அவளே செய்துவைத்த முழு செட் அதில் இருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறு எல்லாம் அசலைத் தோற்கடிக்கும். எந்த நோயாளிக்கும் சொந்தமில்லாதது. சனிக்கிழமை திருப்பி வைத்துவிட்டால் தீர்ந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி ஒரு வார்த்தைக்குமேல் பேசினால் தன் பல்லே கொட்டிவிடும் என்று நம்புகிறவர். கணவர் போன வாரத்தில் அவள் முகத்தைப் பார்த்து, "வீட்ல?" என்று மட்டும் கேட்டார். "வீட்டு விஷயம் வீட்லயே இருக்கட்டும் சார்," என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு தாள்களை நீட்டி, "கையெழுத்து," என்பதைத் தவிர அவளிடம் எதுவும் பேசவில்லை. காப்பீடு, சம்பளப் படிவம், ஏதேதோ. பல்லுக்கு உருக்கிய மெழுகு ஆறுவதற்குள் போட்டுக்கொடுப்பாள்.

வியாழக்கிழமை வீட்டைத் தயார்செய்ய விடுப்பு எடுத்தாள். பத்தரை மணிக்கு முதலாளியிடமிருந்து செய்தி வந்தது.

'பல் எங்கே?'

பல்லழகி போனைக் கவிழ்த்து வைத்தாள். பதினொன்றுக்குள் நான்கு முறை அழைத்தார். அப்புறம் இன்னொரு செய்தி. 'பல். அவசரம்.'

"ரெண்டு வார்த்தை எழுதியிருக்காரு அத்தை. பயங்கரக் கோவம்."

"போனை அணைச்சு வை. நாளைக்கு ஒரு நாள் போகட்டும். அப்புறமா கால்ல விழுந்துக்கலாம்."

"நான் யார் கால்லயும் விழ மாட்டேன்."

"சரி, நான் விழறேன். எனக்குக் குனிஞ்சா நிமிர முடியாது. அதைப் பாத்தே மன்னிச்சிடுவாரு."

போனை அணைத்தாள். திருடி என்று வேலை போனாலும் போகும், அனுமதி போனாலும் போகும். இரண்டில் எது முதலில் போகும் என்பதுதான் இப்போது கேள்வி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அழைப்புமணி அடித்தது. வந்தவர் ஐம்பது வயதுக்காரர். கையில் ஒரு கோப்பு, மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி. சுவரில் மறுபடி மாட்டிய கல்யாணப் போட்டோவுக்குக் கீழேதான் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அவர் வேலைக்குப் போயிட்டாரு," என்றாள் பல்லழகி.

"குளிச்சிட்டிருக்கான்," என்றாள் மாமியார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக ஒருவரையும், கண்ணாடி வழியாக மற்றவரையும் பார்த்தார்.

"யாரு?"

"என் பையன். குளிச்சிட்டு வேலைக்குப் போயிட்டான்," என்று மாமியார் இரண்டையும் சேர்த்து ஒட்டினாள். "இதோ கொடியில பாருங்க, எல்லாம் அவன் சட்டை. அந்தச் சின்னது போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தப்போ போட்டது."

"நல்லதும்மா," என்றார் அதிகாரி. சட்டைகளைப் பார்க்கக்கூட இல்லை. கோப்பில் எதையோ தேடினார். "வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

படுக்கையறை வாசலில் அவர் நின்றுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில், சின்ன மேசைமேல், கண்ணாடி டம்ளருக்குள் இருந்து முழுப் பல் செட் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அட," என்றார் மெதுவாக.

"என் பையனோடது," என்றாள் மாமியார்.

"பல்லு இல்லாமயா வேலைக்குப் போனாரு?"

அந்த ஓட்டையை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். மாமியார் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "அவனுக்கு… ரெண்டு செட்டு."

அதிகாரி கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து, டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் எவரும் ஒரு டம்ளரைப் பார்த்துப் பல்லழகி கண்டதில்லை.

"முன்பல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு லேசாத் திரும்பியிருக்கே," என்றார் அவர். "செஞ்சவங்க கவனிக்காம விட்டுட்டாங்களோ?"

"ஆமா," என்று மாமியார் அவசரமாக ஒத்துக்கொண்டாள். "மட்டமான வேலை. அதான் அவன் கழட்டியே வெச்சிருக்கான்."

பல்லழகி உதட்டைக் கடித்தாள். பேசக் கூடாது. ஆமாம் சார் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டத்தான் நினைத்தாள்.

"கவனிக்காம விட்டதில்ல," என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். "வேணும்னு திருப்பி வெச்சது. எல்லாப் பல்லையும் ஸ்கேல் வெச்ச மாதிரி நிறுத்தினா, சிரிக்கும்போதே பொய்ப் பல்லுன்னு தெரியும். யாருக்கும் வாயில அப்படி வரிசை கிடையாது. ஒண்ணைக் கொஞ்சம் திருப்பினாத்தான் அது மனுஷன் பல்லு."

"ஓ," என்றார் அதிகாரி. பேனாவை எடுத்தார். "கீழ்செட்டு சாப்பிடும்போது ஆடும்னு சொல்வாங்களே?"

"ஆடும், அளவை அவசரமா எடுத்தா. நாக்குக்கு இடம் விட்டு ஓரத்தை வழிச்சு விடணும். இதைப் பாருங்க." டம்ளருக்குள் கைவிட்டு எடுத்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். தண்ணீர் கோப்பின்மேல் சொட்டியது. "இந்த ஓரம் மட்டும் முழுசா ஒரு நாள் வேலை. போட்டவங்க ஒரு வாரத்துல மறந்துடணும், வாயில இருக்கறதே தெரியக் கூடாது. மட்டமான வேலையாம்."

"ஏம்மா," என்று மாமியார் பின்னாலிருந்து அவள் புடவையை இழுத்தாள்.

"ஈறோட நிறம்?" என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

"நானே கலந்தது. கடையில விக்கிறது பொம்மை மாதிரி ரோஸா இருக்கும்."

"அப்ப இது யார் செஞ்சது?"

கொடியில் பெரிய சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

'யாரோ' என்று சொன்னால் போதும். அவள் கையில் இருந்த பல் செட்டைப் பார்த்தாள். ஆறு வருடம் இந்த நாட்டில் அவள் செய்ததற்கெல்லாம் வேறு ஒருவர் பெயர்தான் மேலே இருந்தது. இதற்கும் அப்படியா?

"நான் செஞ்சது சார்," என்றாள். "இது என் வேலை. என் புருஷனுக்கு எல்லாப் பல்லும் ஒழுங்கா இருக்கு. அந்தப் பல்லோட அவர் வேற வீட்ல இருக்காரு. போய் ரெண்டு மாசம் ஆச்சு. நான்தான் போகச் சொன்னேன்."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சட்டை லாண்டரிக்காரரோடது. குளிச்சது, போனது எல்லாம் பொய். நான் இங்க இருக்கறது தப்புன்னா எழுதிக்கோங்க, போயிடறேன். ஆனா இந்த ஊர்ல முந்நூறு பேர் என் கையால சாப்பிடறாங்க. அதையும் சேர்த்து எழுதிக்கோங்க. அவர் பேர்ல இருக்கறதுக்காக நான் செஞ்சதை நான் செய்யலைன்னு சொல்ல மாட்டேன்."

"அவ போனா நானும் போவேன்," என்றாள் மாமியார் கட்டிலிலிருந்து. "நான் குடிமகள்தான். இருந்தாலும் போவேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அதிகாரி கோப்பின்மேல் சொட்டியிருந்த தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றினார். கடைசித் தாளில் எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பல்லழகி கண்ணை மூடவில்லை. நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் பேரே இந்தக் கோப்புல இல்லையேம்மா. தொழில் தெரிஞ்சவங்கன்னு உங்க முதலாளி உங்க பேர்லயே தங்கும் அனுமதிக்குப் போட்ட விண்ணப்பம் இது, உங்க வேலையைப் பார்க்க நேத்து லேபுல நானும் அவரும் இந்தப் பல்லைத்தான் ரெண்டு மணி நேரமா தேடினோம்."