ஒன்பதாம் பிரிவுக்கு ஒரு ஆள் தேவை

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.

எழுத்தர் மக்கள்தொகைக் கணக்கை மூன்றாம் முறையாகக் கூட்டினார். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார், விரல் விட்டும் பார்த்தார். எண் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு குறையுதா ஐயா?" என்று கேட்டார் பியூன். ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் பாக்கி; எதற்கும் பதறாத மனிதர்.

"ஒண்ணுதான். ஆனா அந்த ஒண்ணு மேலதான் என் நாற்காலி நிக்குது."

அந்த மாவட்டத்துக்கு ஒன்பது பிரிவுகள். பரப்பளவில் ஒன்பதாம் பிரிவுதான் மூத்த அண்ணன். ஆள் கணக்கில் கடைக்குட்டி. மலைச்சரிவும் மேய்ச்சல் நிலமும் போக, அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். மூவாயிரம் பேருக்குக் குறைந்த பிரிவை அடுத்த பிரிவோடு சேர்த்துவிட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. சேர்த்தால் இந்த அலுவலகத்துக்குப் பூட்டு, எழுத்தருக்கு எண்பது கிலோமீட்டர் தள்ளி மாற்றல். திருத்தம் செய்ய வெள்ளிக்கிழமை வரை அவகாசம். அன்று திங்கள்.

"எங்கேயோ ஒரு ஆளை விட்டுட்டோம். படிவத்தையெல்லாம் எடுங்க, மறுபடி பார்ப்போம்."

"ஐயா, உங்க வீட்டுப் படிவம்..."

"அதைப் பத்திப் பேசாதீங்க! எண்ணுறவன் தன் வீட்டை எண்ணக்கூடாதுன்னு விதி. அதனாலதான் உங்களை அனுப்பினேன். என் வீட்டைப் பத்தி என் காதுலயே போடக்கூடாது."

விதி என்றால் அவருக்கு உயிர். பியூன் வாயை மூடிக்கொண்டு கட்டுகளைப் பிரித்தார்.

செவ்வாய் மதியம் ஒரு தப்பு அகப்பட்டது. முடிவெட்டுகிறவரைக் கடையில் ஒரு தடவையும் வீட்டில் ஒரு தடவையும் எண்ணியிருந்தார்கள்.

"ரெண்டு இடத்துலயும் ஏன்யா பேரு கொடுத்தே?"

"கேட்டாங்க, சொன்னேன். மரியாதையா கேக்கிறவங்ககிட்ட இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

ஒரு பேரை அடித்தாயிற்று. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு.

புதன்கிழமை எழுத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைக்கே போனார். ஒன்பதும் எட்டும் சந்திக்கும் மேட்டில் ஒரு வீடு. பதிவேட்டில் அங்கே மாடு மேய்ப்பவர் ஒருவர் மட்டுமே இருந்தார். ஆனால் கொடியில் ஏழெட்டுச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன! எழுத்தருக்கு வாயெல்லாம் பல்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"அண்ணன் குடும்பமும் வந்துடுச்சுங்க. மொத்தம் ஆறு பேரு."

"ஆறா! நல்லா இருங்க, நல்லா இருங்க!" படிவத்தை விரித்தவர், விதிப்புத்தகம் ஞாபகம் வர, கையை நிறுத்தினார். எல்லைமேல் நிற்கும் வீடு, வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பிரிவுக்குச் சொந்தம். "ஆமா, வாசல் எங்கே? நான் வந்தது கொல்லைப்பக்கம் மாதிரி இருக்கே?"

"வாசல் அந்தாண்டை, எட்டாம் பிரிவுலங்க. இந்தப் பக்கம் மாட்டுக்கு மட்டும்தான் வழி."

"இந்தப் பக்கம் ஒரு கதவு வெச்சா என்ன?"

"வெச்சா காத்து அடிக்கும். நீங்க வந்து சாத்துவீங்களா?"

புதிய ஐந்து பேரும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே எழுதியிருந்த மாடு மேய்ப்பவரும் எட்டாம் பிரிவுக்குப் போனார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு. தேடத் தேட ஆள் குறைந்தது. இன்னும் இரண்டு நாள் தேடினால் பிரிவே காலியாகிவிடும் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மனைவி காபி டம்ளரை நீட்டினாள்.

"என்னங்க, கணக்கு எத்தனையில நிக்குது?"

கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து தினமும் கேட்டாள். அவரும் தினமும் சொன்னார். 'மூவாயிரத்துக்கு மயிரிழையில நிக்குது' என்று அவர் பெருமூச்சு விட்டது போன மாதம்.

"மூணு குறையுது. வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு பேர் நம்ம பிரிவுக்குக் குடி வந்தா உண்டு. அதுவும் ஆறு மாசம் தங்குவோம்னு கையெழுத்துப் போடணும். யாரு வருவா?"

மனைவி டம்ளரின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். "எங்கம்மா எட்டாம் பிரிவுலதான் இருக்காங்க."

எழுத்தர் நிமிர்ந்தார். அம்மாவை இங்கே கூட்டி வரச் சொல்லி ஆறு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அவர் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா ஒருத்தர்தானே? மீதி ரெண்டு?"

"அம்மா வந்தா சித்தி வராம இருப்பாங்களா? சித்தி வந்தா சித்தப்பாவை யாரு பார்த்துக்கிறது?"

மாமியாரா, மாற்றலா? எழுத்தர் படியில் இருந்தபடியே இருட்டும்வரை யோசித்தார். எண்பது கிலோமீட்டர் பயம் ஜெயித்துவிட்டது, அதாவது, அவர் தோற்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலை வண்டி வந்து நின்றது. நாலு பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு ரேடியோ, ஒரு கிளிக்கூண்டு.

"ஆறு மாசம் இருக்கணுமாமே மாப்பிள்ளை? ஒரு வருஷமே இருக்கோம், கவலைப்படாதீங்க," என்றார் மாமியார். "கிளியை எண்ண மாட்டீங்களா?"

"கிளிக்குப் படிவம் இல்லைங்க அத்தை."

சித்தப்பா ரேடியோவோடு எழுத்தரின் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்தார் என்றால், வேர் பிடித்தார். சித்தி சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினார். இரண்டு மகள்களும் பாட்டியின் பக்கத்தில் படுத்துக்கொள்ள, எழுத்தரின் பாய் தையல் மெஷினுக்கு அடியில் போயிற்று. குளியலறைக்கு வரிசை. பியூன்தான் வந்து கூடுதல் படிவம் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. மூவாயிரம்! எழுத்தர் முத்திரை குத்தினார், உறையை அரக்கு வைத்து ஒட்டினார். தலைமை அலுவலக ஜீப் வந்து வாங்கிக்கொண்டு புழுதி கிளப்பிப் போயிற்று. ஒன்பதாம் பிரிவு பிழைத்தது. எழுத்தர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு முழு மூச்சு விட்டார்.

"ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. முதல்ல ஒண்ணு குறைஞ்சுதே, அதனாலதானே இத்தனையும் கிளறினோம்? அந்த ஒரு ஆள் யாரு, எங்கே போனான்? அறுநூத்திப் பதினோரு வீட்டையும் சல்லடை போட்டுப் பார்த்துட்டேன்."

பியூன் தொண்டையைச் செருமினார். "கணக்குதான் போயிடுச்சே. இப்போ உங்க வீட்டைப் பத்திப் பேசலாமா ஐயா?"

"தாராளமா."

"அன்னைக்குப் படிவம் வாங்கப் போனப்போ, உங்க வீட்டம்மா மூணு பேர்னுதான் எழுதிக் கொடுத்தாங்க. 'நாலு பேராச்சேம்மா, இன்னொரு ஆள் எங்கே?'ன்னு கேட்டேன். 'எங்கம்மா வந்து சேரட்டும், அப்புறம் கிடைச்சிடும்'னு சொன்னாங்க."