இடப்பக்கம் இழுக்கும் சுபாவம்

சுபாவக்காரர்கள் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். கோளாறு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கதவு இடித்தால் அது கதவின் சுபாவம். மோட்டார் உறுமினால் அது மோட்டாரின் சுபாவம். கோளாறு என்றால் சரிசெய்ய வேண்டும். சுபாவம் என்றால் அனுசரித்துப் போனால் போதுமே!

உதியன்குளங்கரை சுந்தரதாஸ் இந்த இனத்தின் முதல்தர மாதிரி. முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையுமாக, இருபத்திரண்டு வயதான மண்ணுமாந்தி வண்டி ஒன்று அவருக்கு இருந்தது. அவருடைய மகள் ஜெஸ்மி மெக்கானிக்கல் படித்தவள். அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அந்த வண்டியின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றியதுதான்.

பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கில் குறை என்று முதலில் அதன் ஆயிலை மாற்றினார், மூட்டுகளை மாற்றினார், இருமுறை கிரீஸில் குளிப்பாட்டினார். பிறகு, அது சுபாவம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றுமுதல் சர்ச் இறக்கத்தில் இறங்கும்போது ஸ்டியரிங்கை முன்கூட்டியே கால் சுற்று வலப்பக்கம் பிடித்துக்கொள்வார், வாளியைத் தாழ்த்தி ரோட்டில் உரசவிட்டு வேகத்தைக் குறைப்பார், விடாமல் ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் இடப்பக்கம் மரச்சீனிக் கிழங்கு விற்கும் ஞானபாய் தன் கூடைகளை உள்ளே இழுப்பாள், ரதீஷ் தன் ஆட்டோவை எதிர்ப்பக்கம் மாற்றுவான், அங்கே படுத்திருக்கும் நாய்கூட எழுந்து ரோட்டைக் கடக்கும். ஊரே அனுசரித்தது. வண்டி யாரையும் அனுசரிக்கவில்லை.

“அப்பா, இடது பெடல மட்டும் சவுட்டுங்க” என்றாள் ஜெஸ்மி.

மெதுவாக உருண்டுகொண்டிருந்த வண்டி நின்றது.

“இனி வலது.”

பெடல் அடிவரை போயிற்று. வண்டி நிதானமாக உருண்டு குலை தள்ளிய வாழை ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது.

“ஸ்டியரிங்குக்கு ஒரு தீனமும் இல்லப்பா. வலது சக்கரத்துல பிரேக்கே இல்ல. சீல் போச்சு, ஆயில் ஒழுகுது.”

“ஏட்டி மக்கா, ஒனக்க படிப்பு சரியாக்கும். ஆனா இதுக்க சொபாவம் ஒனக்குத் தெரியாது.”

“சொபாவம் இல்ல, சீல்!”

“செரி, வாங்குதேன். செவ்வாக்கிழம நெய்யாற்றின்கரைக்குப் போவும்போ.”

வாங்க வேண்டியதை அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா?”

“ஏறி எறங்கினா கொஞ்சம் மூச்சு வாங்கும். எனக்க சொபாவம் அதாக்கும்.”

வால்வு, அழுத்தம், கசிவு எல்லாம் படித்தவள் ஜெஸ்மி. ஆனாலும் அந்தத் தாளில் அதை அவள் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், மாரடைப்பில் அவர் இறந்துபோனார்.

பத்தாம் நாள் ஷிபு வந்தான். சுந்தரதாஸிடம் வண்டி ஓட்டப் பழகியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

“அக்கா, அமரவிளையில ஒரு வேல உண்டு. வண்டிய எடுக்கட்டா? எடப்பக்கம் இழுக்கும், தெரியும். மாமா சொல்லித் தந்திருக்காரு. நான் கால் சுத்து பிடிச்சுக்கிடுவேன்.”

பார்த்தீர்களா? இந்த இனம் ஒருபோதும் அற்றுப்போவதில்லை.

அமரவிளைக்குப் போகும் வழி ஹைவே. அங்கே போகிற எவனுக்கு இந்த ஹாரன் தெரியும்? எந்த ஞானபாய் கூடையை இழுப்பாள்? ஜெஸ்மி ஏறிப் பெடலைப் பார்த்தாள். கழற்றிய கொக்கியை அப்பா மறுபடி மாட்டி, அது ஆடிச் சத்தம் போடாதிருக்க, அதன் இடுக்கில் மடித்த தாள் ஒன்றைச் செருகியிருந்தார். பிரித்தாள். அவளுடைய கையெழுத்து: வலது பிரேக் சீல் ஒன்று, பிரேக் ஆயில் ஒரு லிட்டர். கீழே அப்பாவுடையது. ‘செவ்வாய்’, அடித்திருந்தது. ‘வெள்ளி’, அடித்திருந்தது. ‘அடுத்த செவ்வாய்’, அடிக்கவில்லை.

தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். பிறகு சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“வண்டி இன்னைக்குப் போகாது, ஷிபு.”

“ஒரு நாளு தானேக்கா?”

“சீல் மாத்தாம ஒரு மணிக்கூறும் போகாது.”

தன் ஸ்கூட்டரை எடுத்தாள். இடப்பக்கம் சாய்த்து இரண்டு குலுக்கு குலுக்கி, பிறகு உதைத்தாள்.

“அது எதுக்குக்கா குலுக்குதிய?”

“இதுக்க சொபா...” என்றவள் வாயை மூடிக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை வருடமாகத் துணி கட்டியிருக்கிறது? மாடிப்படியில் எத்தனையாவது படியில், போன் பார்ப்பதுபோல, நிற்கிறீர்கள்?

ஜெஸ்மி நெய்யாற்றின்கரைக்குத்தான் போகிறாள். சீல் ஒன்று, ஆயில் ஒரு லிட்டர். உங்களுக்கும் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த செவ்வாய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.