நான்கு ஆங்கர் போல்ட்டுகளின் ஒப்பீடு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை மனித குலம் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டது. அவன் செய்தது என்ன? ஒரு வட்டத்தை உருட்டினான், அவ்வளவுதான். நாகரிகம் அன்று தொடங்கவில்லை. அந்தச் சக்கரத்தை வாங்க வந்த ஒருவன், அதைச் சுண்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "பக்கத்துக் குகையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினானே, அன்றுதான் தொடங்கியது. அந்த மாமனிதனின் நேர் வாரிசுகள் இன்று அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். அவர்களுடைய நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பட்டறை உண்டு. பழைய ஜெனரேட்டர் அறையை ஒழித்து உருவாக்கியது. பணி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி, மரத்தை அறுத்து, இழைத்து, அளவு தவறிவிட்டதைக் கண்டு மகிழ்ந்து கலைவோம். வாசலில் "கைத்திறன் மையம்" என்று அழகான பெயர்ப்பலகை. அதை மட்டும் வெளியே கொடுத்துச் செய்தோம்.

இந்தப் பட்டறை தன் பிறவிப் பயனை அடையும் வாய்ப்பு கிளாடிஸ் டீச்சர் மூலம் வந்தது. டீச்சர் முதல் மாடி. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து சக்கர நாற்காலி. லிப்ட் தரைத்தளத்துக்கு வரும். ஆனால் லிப்டுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் நடுவில் மூன்று படிகள் இருக்கின்றன. நீங்களும் நானும் போனில் பேசிக்கொண்டே இறங்கிவிடும் மூன்று படிகள். அவற்றால் டீச்சர் மழைக்காலத்துக்குப் பிறகு தெருவையே பார்க்கவில்லை.

அவருடைய மகள் ரெனிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தவக்காலத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் கழிந்த வாரம், சாந்தோம் கோயிலில். டீச்சர் சங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"விழுந்த அன்னிக்கு நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க சார். புடவை எங்க விலகுச்சுன்னுகூட எனக்குத் தெரியல. மொத்த பில்டிங்கும் நின்னு பாத்துச்சு. இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. ஒரு ரேம்ப் போடுங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் சேர்ல உக்காந்தே போறேன்."

சங்கம் உருகியது. சாய்தளத்தை நம் பட்டறையிலேயே செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. செய்தும் முடித்தோம். தேக்கு நிறத்தில் வார்னிஷ் பூசி, வழுக்காத ரப்பர் விரிப்பு ஒட்டி, முகம் பார்க்கலாம் போல ஒரு பலகை. பாக்கி இருந்தது ஒரே வேலை. அதைத் தரையோடு பிணைக்க நான்கு ஆங்கர் போல்ட் வேண்டும்.

ஆங்கர் போல்ட்டைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இது சாதாரண போல்ட் இல்லை. இதன் உடம்பைச் சுற்றி ஓர் இரும்பு உறை இருக்கும். அடிமுனை கூம்பாகப் பருத்திருக்கும். தரையில் துளை போட்டு, தட்டி இறக்கி, மேலே நட்டை முறுக்கினால் கூம்பு மேலே ஏறும். ஏறும்போது உறையை விரிக்கும். விரிந்த உறை கான்கிரீட்டைக் கவ்வும். நீங்கள் இழுக்க இழுக்க அதன் பிடி இறுகும். அது இல்லையென்றால், நாற்காலியின் எடை மேலே வந்ததும் பலகை முன்னால் வழுக்கும். பலகையோடு நாற்காலியும், நாற்காலியோடு தலைமையாசிரியையும். இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பொருள் சுமக்கிறது. நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

இந்த போல்ட் அப்துல் வஹீத் பாயின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கடை எங்கள் கட்டடத்திலேயே, தெருவைப் பார்த்த பக்கம். பட்டறைச் சுவருக்கு மறுபுறம். பட்டறையில் சுத்தியல் தவறி விழுந்தால், "இன்னா சார், கால் மேலயா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து அக்கறையாக விசாரிப்பார்.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? நடந்து போய் வாங்கிவிடுவான். அதனால்தான் அவன் சாதாரண மனிதன். எங்கள் சங்க விதிப்படி எந்தப் பொருளுக்கும் மூன்று "விலைப்புள்ளிகள்" பெற்று, "ஒப்பீட்டு அட்டவணை" தயாரித்து, கொள்முதல் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். தலைவர் வேதாந்தம், மயிலாப்பூரில் பிறந்து அடையாறுக்குக் குடிபெயர்ந்தவர். பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பாலகணேஷ், எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர். பிறகு நான்.

முதலில் நான் வஹீத் பாயிடம் போனேன். லெட்டர்ஹெட்டில் விலையை எழுதி, சீல் வைத்துத் தரும்படி கேட்டேன்.

"நாலு போல்ட்டுக்கு கொட்டேஷனா?"

"விதி" என்றேன்.

"சீல் கீது. லெட்டர்ஹெட்டு எங்க அத்தா காலத்துல அடிச்சது. அதுல கீற போன் நம்பருக்கு அடிச்சா இப்ப யாரும் எடுக்க மாட்டாங்க. பரவால்லியா?"

செல்லாத தொலைபேசி எண் உள்ள தாளைக் குழு ஏற்காது என்று விளக்கினேன். அவர் ஒரு போல்ட்டை மேசைமேல் வைத்து, "இத்த எடுத்துக்கினு போய்க் காட்டுங்க. இதுதான் என் கொட்டேஷன்" என்றார். பொருளையே கொட்டேஷனாகத் தருவது எவ்வளவு பெரிய முறைகேடு என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாலகணேஷ் தயாரித்த அட்டவணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெறும் விலையை ஒப்பிடுவது போன நூற்றாண்டுப் பழக்கம் என்பது அவர் கருத்து. "வசதி"க்கும் மதிப்பெண் உண்டு. இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து தருதல் என்ற தலைப்பில் எங்கள் இரண்டாவது விலைப்புள்ளியான, போனில் பொருள் வாங்கும் ஆப்புக்கு முழு மதிப்பெண். வஹீத் பாய்க்குப் பூஜ்யம்.

கடை நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று நான் லேசாக இழுத்தேன்.

"அங்கிள், அது டெலிவரி இல்ல. நாமதான் போய் வாங்குறோம். டெலிவரின்னா அவங்க நம்மகிட்ட வரணும்."

"சுவத்துல ஓட்ட போட்டு நீட்டட்டா நைனா?" என்று சுவர் கேட்டது.

பாலகணேஷ் அதைப் பதிவு செய்யவில்லை. அடுத்த தலைப்பு, திருப்பி எடுத்துக்கொள்ளுதல். ஆப்புக்கு மறுபடி முழு மதிப்பெண். வஹீத் பாயிடம் கேட்டபோது, தப்பாக இருந்தால் மாற்றித் தருவதாகவும், ஆனால் இதுவரை அப்படி யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்றும் சொன்னார். திருப்பி வாங்குவதில் முன் அனுபவம் இல்லாதவர். பூஜ்யம்.

ஆப் தன் மதிப்பெண்களை ஒவ்வொரு நாளும் நிரூபித்தது. மாதிரிக்கு வரவழைத்ததில், முதலில் வந்த போல்ட்டுகள் நீளம் போதவில்லை. திருப்பி அனுப்பினோம். எவ்வளவு மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள் தெரியுமா? இரண்டாவது முறை நீளம் சரி, நட் இல்லை. திருப்பி அனுப்பினோம். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பொட்டலம் பாலகணேஷின் பெருங்குடி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அங்கே வரவேற்பறையில் இருந்தவர் யாருக்கும் புரியாத பொருள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு திருப்புதலுக்கும் வசதி மதிப்பெண் கூடிக்கொண்டே போனது. போல்ட் மட்டும் வரவில்லை. ஆனால் அட்டவணையில் போல்ட் வந்ததா என்றொரு தலைப்பு இல்லை.

மூன்றாவது விலைப்புள்ளிக்காகத் தலைவர் வேதாந்தம் தாமே பாரிமுனைக்குப் புறப்பட்டார். "எங்காத்துல ஒரு ஆணி வேணும்னாலும் மொத்தக் கடைக்குப் போய்த்தான் வாங்குவோம், ஓய்" என்றார். பஸ்ஸில் போய், வெயிலில் அலைந்து, ஆட்டோவில் திரும்பி, இரண்டு நாள் படுக்கையில் இருந்தார். மொத்த விலை நிச்சயமாக மலிவுதான். ஆனால் பெட்டியாகத்தான் தருவார்களாம். ஒரு பெட்டியில் உள்ளதை வைத்து அடையாறு முழுவதையும் தரையோடு பிணைக்கலாம். ஆட்டோ வாடகையை விலையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். ஆட்டோ வாடகை ஆட்டோவுக்கான விலையே தவிர போல்ட்டுக்கான விலை ஆகாது என்று தெளிவுபடுத்தினார். நான் தலைவணங்கினேன்.

இதற்குள் ஈஸ்டரும் வந்து போனது. டீச்சர் தினமும் எனக்குப் போன் செய்து போல்ட் வந்ததா என்று கேட்பார். ஒப்பீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நானும் தினமும் பொறுமையாக விளக்குவேன். கேட்டுக்கொண்டு, "சரி சார்" என்பார். கடைசி நாட்களில் அந்த "சார்" கொஞ்சம் தாமதமாக வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய தம்பி ஆம்ப்ரோஸ் வந்தார். "நானே வாங்கிக் குடுத்துடறேன் சார். கடை இங்கதானே இருக்கு?" என்றார். பயனாளியின் உறவினர் கொள்முதலில் தலையிடுவது நெறிமுறைக்கு விரோதம் என்று அவரை உட்கார வைத்துச் சொல்லிப் புரியவைத்தேன். அவர் நேராகக் கடைக்குப் போய் வஹீத் பாயிடம் ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் வஹீத் பாய் நான்கு போல்ட்டுகளை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"துட்டு வேணாம் சார். டீச்சருக்குக் கல்யாண மொய்யின்னு வெச்சுக்கோங்க."

இதைவிட இக்கட்டான நிலை எங்கள் சங்க வரலாற்றில் வந்ததில்லை. பாலகணேஷ் மடிக்கணினியைத் திறந்து, விலை என்ற இடத்தில் பூஜ்யத்தைத் தட்டினார். தட்டிவிட்டு முகம் வெளுத்தார்.

"அங்கிள், சீரோ போட்டா ஷீட் எரர் அடிக்குது. வசதியை விலையால வகுக்கறோம் இல்ல? சீரோவால வகுக்க முடியாது."

விலையில்லாத பொருளை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாததை வாங்க முடியாது. இது கணிதம், எங்கள் கையில் இல்லை. வஹீத் பாய் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகும்போது உருதுவில் ஏதோ சொன்னார். பாராட்டாக இருக்கலாம்.

கல்யாண நாள் காலை லிப்ட் திறந்தது. சந்தன நிறப் பட்டுப் புடவை, தலையில் மல்லிகை, சக்கர நாற்காலியில் கிளாடிஸ் டீச்சர். பின்னால் ஆம்ப்ரோஸ். வெளியே கார் நின்றது. ரெனிட்டா முன்னதாகவே கோயிலுக்குப் போயிருந்தாள். சாய்தளம் சுவரோரம் வார்னிஷ் மின்னச் சாய்ந்திருந்தது. குழுவினர் மூவரும் டீச்சரை மரியாதையாக வழியனுப்ப நின்றிருந்தோம்.

பாலகணேஷ் போனை உயர்த்திக் காட்டினார். "ஆன்ட்டி, போல்ட் ஆன் தி வே. மத்திய கைலாஷ் சிக்னல்கிட்ட இருக்கு, பாருங்க." திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. அசையவில்லை.

பலகையை போல்ட் இல்லாமலே போட்டுக்கொள்ளலாமா என்று ஆம்ப்ரோஸ் கேட்டார். கூம்பு, உறை, பிடிமானம் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கி, அது எவ்வளவு ஆபத்து என்று எடுத்துரைத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆம்ப்ரோஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அக்காவைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாதே" என்றார் டீச்சர்.

பிறகு நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். இரண்டு கைகளையும் ஊன்றி, மெதுவாக நழுவி, மேல்படியில் உட்கார்ந்தார். புடவைக் கொசுவத்தை முழங்காலோடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையை ஊன்றி அடுத்த படிக்கு இறங்கினார். மூச்சு வாங்கியது. காரோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தபடி அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தச் சேரை எடுத்துட்டு வாங்க சார். அதுக்குக் கொட்டேஷன் வேணாம் இல்ல?"

வேண்டியதில்லை என்று உறுதியளித்து, நானே எடுத்துக்கொண்டு போனேன். கார் சாந்தோமுக்குக் கிளம்பியது. புடவையின் பின்புறத் தூசியை அவர் தட்டிக்கொள்ளவில்லை.

மாலை வரவேற்புக்கு எங்களுக்கும் அழைப்பு இருந்தது. ஆனால் கடமை முந்தியது. கொள்முதல் குழுவின் அவசரக் கூட்டம். பாலகணேஷ் அட்டவணையில் நான்காவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "பயனாளி தாமே இறங்குதல்." விலை இல்லை. காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பி அனுப்பும் தொல்லை இல்லை. பூஜ்யத்தால் வகுக்கும் சிக்கலையும் அவர் சரிசெய்துவிட்டார். எல்லாத் தலைப்பிலும் அதுவே முதலிடம். பயனாளி தாமே இறங்க வல்லவர் என்பது காலையில் மூன்று சாட்சிகள் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டதால், சாய்தளத் திட்டம் வெற்றிகரமாக முடிவடைந்ததென்று தீர்மானம் எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டபோது இரவாகியிருந்தது.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தமும், ஆம்ப்ரோஸின் குரலும், "வேணாம், நானே வரேன்" என்று டீச்சர் சொல்வதும் கேட்டன. அலுவலகத்துக்கும் அந்தப் படிகளுக்கும் பத்தடிகூட இருக்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறங்குவதை மட்டுமே நாங்கள் ஒப்பிட்டிருந்தோம். ஏறுவது எங்கள் அட்டவணையில் எங்கேயும் இல்லை.

"கதவைச் சாத்தும், ஓய்" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில்.

சாத்தினேன். மூன்று விலைப்புள்ளி கேட்காமல், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், நாங்கள் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.